கேனரியின் புதிய பாட்டு
மூளையில் பிறக்கும் நரம்பணுக்களும் நினைவும்

 

இலக்கிய மேடையில் மூளையைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். செய்யுள் என்பதே நினைவை நம்பி எழுந்த கலை. எதுகையும் மோனையும் அந்தாதித் தொடையும் செவிக்கு இன்பம் தருவதோடு நின்றுவிடவில்லை. ஏடு கைக்கு எட்டாத காலத்தில் பாட்டை நெஞ்சில் நிறுத்தும் ஊன்றுகோல்களாகவும் அவை விளங்கின. அந்த நினைவு குடியிருக்கும் இடத்தில், ஒருவர் வளர்ந்து முதிர்ந்த பின்னரும் புதிய நரம்பணுக்கள் பிறக்கின்றனவா? பிறந்தால் அவை கற்றலுக்கு என்ன செய்கின்றன? ஏற்கெனவே கற்றதை என்ன செய்கின்றன? இவ்வினாக்கள் பாவலர்க்கு அயலானவை அல்ல. மேலும், இவ்வினாக்களுக்கு முதன்முதலில் உலகம் செவிசாய்க்கும்படி விடை கூறியது ஒரு பாடும் பறவை.

வளர்ந்த மூளையில் நரம்பணு அழியும், ஆனால் புதிதாகப் பிறவாது என்பதே நெடுங்காலம் பாடநூல்களில் இடம்பெற்ற கருத்து. இக்கருத்துக்குப் பெருஞ்சான்றாகக் காட்டப்பட்டவர் ஸ்பெயின் நாட்டு அறிஞர் சாந்தியாகோ ரமோன் இ கஹால். நரம்பு மண்டலம் தனித்தனி அணுக்களால் ஆனது என்று நிறுவியவர். 1906-இல் கமில்லோ கோல்ஜியுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். நரம்புகளின் சிதைவையும் மீட்சியையும் பற்றி அவர் 1913, 1914 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட நூலில், வளர்ந்தோர் மூளையில் யாவும் இறக்கலாம், எதுவும் மீண்டும் முளைக்காது என்னும் முடிவைக் கூறினார். அதே இடத்தில், இந்தக் கடுமையான தீர்ப்பை மாற்ற முடியுமானால் வருங்கால அறிவியல் மாற்றட்டும் என்றும் எழுதிவைத்தார். பின்வந்தோர் தீர்ப்பை மட்டும் பிடித்துக்கொண்டு, அடுத்து வந்த தொடரை மறந்துவிட்டனர். இலக்கண உரைகளில் நூலாசிரியன் விட்டுவைத்த வாயிலை உரையாசிரியன் அடைத்துவிடுவது உண்டு. அறிவியலும் இந்நோய்க்கு விலக்கன்று.

அவ்வாயிலைத் திறந்தவர் ஜோசப் ஆல்ட்மன். 1925-இல் புடாபெஸ்ட் நகரில் பிறந்த யூதர். போரின் கொடுமையிலிருந்து தப்பிப் பிழைத்து, பின்னர் அமெரிக்கா சென்று சேர்ந்தவர். உயிரணு ஒன்று இரண்டாகப் பிளவுறும் முன் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும். அதற்குத் தைமிடின் என்னும் பொருள் தேவை. கதிரியக்கம் உள்ள ஹைட்ரஜனைச் சேர்த்த தைமிடினை விலங்கின் உடலில் செலுத்தினால், அதன் பின்னர்ப் பிறக்கும் அணுக்கள் மட்டும் அந்த அடையாளத்தைச் சுமந்திருக்கும். ஒளிப்படப் பூச்சின் மீது கரும்புள்ளிகளாகத் தம்மைக் காட்டிக்கொள்ளும். இம்முறையால் வளர்ந்த எலியின் மூளையை ஆராய்ந்த ஆல்ட்மன், முதிர்ந்த பாலூட்டிகளின் மூளையில் புதிய நரம்பணுக்கள் உருவாகின்றனவா என்னும் வினாவையே தலைப்பாக இட்டு 1962-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1965-இல் கோபால் தாஸ் என்பவரோடு சேர்ந்து, எலியின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் அவ்வணுக்கள் பிறப்பதைக் காட்டினார்.

அவரை எவரும் வன்மையாக மறுக்கவில்லை. மறுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுப்பு ஒரு வகையில் மதிப்பு. அவர் கட்டுரைகளைப் பாராமல் விட்டனர் என்பதே உண்மை. 1977-இல் மைக்கேல் கேப்லன் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் துணையோடு அதே முடிவுக்கு வந்தபோதும் நிலைமை மாறவில்லை. ஆல்ட்மனுக்கு உரிய பெருமை 2011-இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பரிசு வடிவில் வந்தபோது அவர் வயது எண்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. 2016-இல் அவர் மறைந்தார்.

இனிப் பறவைக்கு வருவோம். பெர்னாண்டோ நாட்டெபாம் 1940-இல் அர்ஜென்டினாவில் பிறந்தவர். நியூயார்க்கின் ராக்கெஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் பறவைகளின் பாட்டை ஆராய்ந்தவர். கேனரி என்னும் கூண்டுப் பறவையின் ஆண், இளவேனிலில் பெட்டையை அழைக்கவும் தன் எல்லையை அறிவிக்கவும் பாடுகிறது. இனப்பெருக்கக் காலம் முடிந்தபின் பாட்டு கலைகிறது. இலையுதிர் காலத்தில் குழந்தையின் மழலைபோல் நிலையற்றுத் தடுமாறுகிறது. பழைய சொற்கள் சில உதிர்கின்றன. புதிய அசைகள் சில சேர்கின்றன. அடுத்த இளவேனிலில் அது ஒழுங்குற்ற புதிய பாட்டாகிறது. ஆண்டுதோறும் திருத்திய பதிப்பை வெளியிடும் பாவலன் என்று இப்பறவையைச் சொல்லலாம்.

பாட்டை ஆளும் மூளை மையங்கள் எவை என்பதை 1976-இல் நாட்டெபாமும் அவர் துணைவர்களும் கண்டறிந்தனர். அவற்றுள் தலையாயதை இன்று உயர் குரல் மையம் என்பர். 1981-இல் அவர் கண்டது வியப்பூட்டுவது: இளவேனிலில் இம்மையம் இலையுதிர் காலத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ இருமடங்கு பெரிது. வளர்ந்த மூளையின் ஓர் உறுப்பு ஆண்டுதோறும் சுருங்கி விரியுமானால், அதன் அணுக்களுக்கு என்ன நேர்கிறது? 1983-இல் ஸ்டீவன் கோல்ட்மனும் நாட்டெபாமும் ஆல்ட்மனின் தைமிடின் முறையைக் கையாண்டனர். முதிர்ந்த கேனரியின் உயர் குரல் மையத்தில் அடையாளம் பெற்ற நரம்பணுக்கள் ஏராளமாகத் தோன்றின. அவை மெய்யான நரம்பணுக்கள்தாமா என்ற ஐயம் எழுந்தது. ஜான் பேட்டனும் நாட்டெபாமும் 1984-இல் நுண்ணிய மின்முனைகளைச் செலுத்திப் பார்த்தபோது, அவற்றுள் சில ஒலிக்கு மறுமொழியாக மின்துடிப்பு எழுப்பின. புதிதாய்ப் பிறந்த அணு கேட்கிறது! இதற்குப் பின் பறவையைப் பொறுத்தவரை வழக்கு முடிந்தது.

1994-இல் வெளியான ஆய்வு இன்னும் ஒருபடி சென்றது. ஆண் கேனரியின் அம்மையத்தில் பழைய அணுக்கள் இறப்பதும் புதியவை வந்து சேர்வதும், பாட்டு மாறும் பருவங்களோடு ஒத்துப்போயின. பழைய பாட்டோடு அதன் அணுக்களும் போகின்றன. புதிய பாட்டுக்குப் புதிய அணுக்கள் வருகின்றன. இவ்வாறு கூறத் தோன்றும் ஆசை பெரிது. அதே ஆண்டில் சிக்கடி என்னும் வட அமெரிக்கச் சிறு பறவையைப் பற்றியும் நாட்டெபாமும் அனத் பார்னியாவும் எழுதினர். இப்பறவை குளிர்காலத்துக்காக விதைகளை நூற்றுக்கணக்கான இடங்களில் ஒளித்துவைத்து, பின்னர் நினைவுகொண்டு எடுக்கிறது. விதை ஒளிக்கும் அக்டோபர் மாதத்தில் அதன் ஹிப்போகாம்பஸில் புதிய அணுக்கள் மிகுந்து சேர்ந்தன. கூண்டில் அடைபட்ட சிக்கடிகளிடம் அவை குறைந்திருந்தன.

ஆயினும் ஒரு தடை உண்டு. ஜீப்ரா ஃபிஞ்ச் எனும் குருவி இளமையில் தன் தந்தையிடம் ஒரே பாட்டைக் கற்று, வாழ்நாள் முழுவதும் அதையே பாடுகிறது. நன்னூலார் மாணாக்கரை வகைப்படுத்தியபோது, சொன்னதை மட்டும் திருப்பிச் சொல்லும் கிளியை இடைமாணாக்கர்க்கு உவமையாக வைத்தார். ஜீப்ரா ஃபிஞ்ச் அந்த வகுப்பைச் சேர்ந்தது. அதன் மூளையிலும் முதிர்ந்த பின் புதிய அணுக்கள் சேர்கின்றன. ஆனால் பாட்டு மாறுவதில்லை. ஆதலின் புதிய அணு என்றால் புதிய பாடம் என்று நேர்க்கோடு இழுத்துவிட முடியாது. கேனரியின் கதை அழகானது என்பதற்காக இந்த இடையூற்றை மறைப்பது ஆய்வு நெறியாகாது.

பறவைகளிடம் உள்ளது பாலூட்டிகளிடமும் உண்டா என்ற வினாவுக்குக் கடுமையான மறுப்பு பாஸ்கோ ராகிச் என்பவரிடமிருந்து வந்தது. பன்னிரண்டு ரீசஸ் குரங்குகளை ஆராய்ந்த அவர், வளர்ந்த குரங்கின் மூளையில் புதிய நரம்பணு இல்லை என்று 1985-இல் எழுதினார். அவர் சொன்ன காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. நெடுநாள் வாழ்ந்து, கற்றதை நம்பிப் பிழைக்கும் உயிரினத்துக்கு நிலையான நரம்பணுக்கள் தேவை. அணுக்கள் மாறிக்கொண்டே இருந்தால், ஐந்து வயதில் கற்ற பாட்டு எழுபது வயதில் எங்கே இருக்கும்? இந்த உரையின் உயிர்நாடி அவ்வினாவில் இருக்கிறது. 1999-இல் ராகிச்சின் ஆய்வுக்கூடமே வளர்ந்த குரங்கின் ஹிப்போகாம்பஸில் புதிய நரம்பணுக்களைக் கண்டு வெளியிட்டது. விடை மாறியது, வினா அப்படியே நிற்கிறது.

ஹிப்போகாம்பஸ் என்னும் பெயர் சிலர்க்குப் புதிதாக இருக்கலாம். மூளையின் இருபுறத்திலும், காதுக்கு நேர் உள்ளே, வளைந்து கிடக்கும் சிறு பகுதி. பார்ப்பதற்குக் கடற்குதிரை போன்றது என்று பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் அரான்சி இட்ட பெயர். இதன் பணி 1953-இல் ஒரு துன்பத்தின் வழியே வெளிப்பட்டது. கடுமையான வலிப்பு நோயால் வருந்திய ஹென்றி மோலாய்சன் என்ற அமெரிக்க இளைஞருக்கு அறுவையின்போது இருபுறத்து ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியும் நீக்கப்பட்டது. பேச்சும் அறிவும் குன்றவில்லை. குழந்தைப் பருவ நினைவுகள் இருந்தன. ஆனால் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நெஞ்சில் தங்கவில்லை; 2008-இல் இறக்கும்வரை அவ்வாறே வாழ்ந்தார். எனவே புதிய நினைவு நுழையும் வாயில் ஹிப்போகாம்பஸ் எனலாம். அவ்வாயிலின் முன்றிலில் அமைந்தது பல்வரிசைபோல் மடிந்த ஒரு பகுதி. பாலூட்டியின் மூளை முழுவதிலும் புதிய நரம்பணு பிறக்கும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று இப்பல்மடிப்பு. புதிய அணுக்களின் தொட்டில் நினைவின் வாயிலிலேயே இருப்பது தற்செயல் என்று எண்ணுவது கடினம்.

அங்கே நிகழ்வது என்ன? இளமைப் பருவ எலியின் பல்மடிப்பில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்பதாயிரம் அணுக்கள் பிறப்பதாக 2001-இல் கணக்கிட்டனர். அவற்றுள் பெரும்பகுதி சில வாரங்களில் மடிகின்றன. எஞ்சியவை மெல்லக் கிளைவிட்டு, நான்கு முதல் ஆறு வாரம் வரையிலான காலத்தில் முதிய அணுக்களைவிட எளிதில் கிளர்ச்சியுற்று, எளிதில் இணைப்பு கொள்கின்றன. எவை வாழும், எவை மடியும் என்பதைக் கற்றல் ஓரளவு தீர்மானிக்கிறது. எலிசபெத் கூல்டும் டிரேசி ஷோர்ஸும் பிறரும் 1999-இல் இதைக் காட்டினர்: ஹிப்போகாம்பஸ் தேவைப்படும் பாடத்தைக் கற்ற எலிகளில், பிறந்து சில நாளே ஆன அணுக்கள் இருமடங்கு அளவுக்குப் பிழைத்தன, அப்பகுதி தேவைப்படாத எளிய பாடத்தைக் கற்றவற்றில் அவ்வாறு இல்லை. 1997-இல் கெம்பர்மன், கூன், கேஜ் ஆகிய மூவரும் வெறுங்கூண்டில் இருந்த சுண்டெலிகளோடு, சுரங்கமும் சக்கரமும் விளையாட்டுப் பொருளும் துணையும் உள்ள விரிந்த கூண்டில் வாழ்ந்தவற்றை ஒப்பிட்டு, பின்னவற்றில் புதிய அணுக்கள் மிகுந்திருப்பதை அறிந்தனர். சக்கரத்தில் ஓடுவது மட்டுமே பிறப்பை மிகுவிக்கப் போதும் என்பது 1999-இல் தெரிந்தது. நீடித்த மன அழுத்தம் அதைக் குறைக்கிறது.

இப்புதிய அணுக்கள் கற்றலுக்கு ஆற்றும் தொண்டாக இன்று மிகுதியும் பேசப்படுவது, ஒத்தவற்றை வேறு பிரித்து அறிதல். ஒரே சீரில் தொடங்கும் இரு பாடல்களை மனப்பாடம் செய்தவர் ஒன்றில் தொடங்கி மற்றொன்றில் முடித்துவிடுவது அவைகளில் காணும் காட்சி. நேற்று வண்டியை நிறுத்திய இடத்தில் இன்றும் தேடுவது அதே வகையைச் சேர்ந்தது. இரண்டு நினைவுகளும் இருக்கின்றன, வேலி இல்லை. 2009-இல் வெளியான ஆய்வில், புதிய அணுப் பிறப்பைத் தடுத்த சுண்டெலிகள் தொலைவில் உள்ள இரு இடங்களை வேறுபடுத்தின. நெருங்கிய இரு இடங்களில் குழம்பின. 2011-இல் அமர் சஹாய், ரெனே ஹென் முதலியோர் அணுக்களை மிகுவித்துப் பார்த்தபோது, ஒன்றுபோல் தோன்றும் இரு சூழல்களைச் சுண்டெலிகள் இன்னும் நன்றாகப் பிரித்தறிந்தன. ஆகவே இவ்வணுக்களை நினைவைச் சேர்த்துவைக்கும் களஞ்சியம் என்பதைவிட, நினைவுகளுக்கிடையே வரப்பு கட்டும் உழவர் என்பது பொருந்தும்.

ராகிச்சின் வினா இப்போது மீண்டும் வருகிறது. புதிய அணு தனியே நிற்பதில்லை. ஏற்கெனவே பின்னப்பட்ட வலையில் நுழைந்து இழை கோக்கிறது. இழை கோக்கும்போது பழைய முடிச்சுகள் சில நெகிழாவோ? கனடாவின் டொராண்டோ நகரில் பால் ஃபிராங்க்லண்டும் ஷீனா ஜோஸ்லினும் அவர் குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாக எதிர்கொண்டது. பெரும்பாலான ஆய்வுகள் முதலில் அணுக்களைப் பெருக்கிவிட்டுப் பின்னர்ப் பாடம் கற்பித்தன, கற்றல் செழித்தது. இவர்கள் வரிசையை மாற்றினர். முதலில் ஓர் இடம் அச்சத்துக்குரியது என்று சுண்டெலிகளுக்குக் கற்பித்தனர்; அதன் பின்னரே சக்கரத்தில் ஓடவிட்டனர். ஓடிய சுண்டெலிகளின் மூளையில் புதிய அணுக்கள் பெருகின. அவை கற்ற அச்சத்தை மறந்தன. ஓடாதவை மறக்கவில்லை.

இதிலிருந்து அவர்கள் குழந்தைப் பருவத்துக்குச் சென்றனர். இரண்டு மூன்று வயதுக்கு முற்பட்ட நிகழ்ச்சிகள் எவர்க்கும் நினைவில் நிற்பதில்லை. தாலாட்டைப் பாடியவர் நினைவில் வைத்திருப்பார். கேட்டவர்க்கு அது பிறர் சொல்லித் தெரிந்த செய்தி. குழந்தைப் பருவத்தில்தான் ஹிப்போகாம்பஸில் அணுப் பிறப்பு மிகுதி. சுண்டெலிக் குட்டிகளில் அதைக் குறைத்தபோது அவற்றின் நினைவு நெடுநாள் நின்றது. கினிப்பன்றியும் டேகு என்னும் கொறிவிலங்கும் பிறக்கும்போதே ஏறத்தாழ வளர்ந்த மூளையோடு பிறக்கின்றன. அவற்றின் குட்டிகள் இயல்பாகவே நன்றாக நினைவில் வைத்தன. அவற்றிடம் அணுப் பிறப்பை மிகுவித்தபோது அவையும் மறந்தன. மூன்று வேறு உயிரினங்கள் ஒரே சான்றைக் கூறியதால் இவ்வாய்வின் வலிமை பெரிது. மனிதக் குழந்தையிடம் இதைச் செய்து பார்க்க இயலாது, செய்யவும் கூடாது. எனினும் தாலாட்டு மறந்துபோவதற்கு ஒரு காரணம் இதுவாகலாம்.

மறதி இழப்பு மட்டும்தானா என்று அதே குழுவினர் 2016-இல் கேட்டனர். நீர்த்தொட்டியில் மறைந்திருக்கும் மேடையின் இடத்தைச் சுண்டெலிகள் கற்றன. பின்னர் மேடை எதிர்ப்புறம் மாற்றப்பட்டது. இடையில் ஓடிப் புதிய அணுக்களைப் பெற்றவை பழைய இடத்தை ஓரளவு மறந்திருந்தன. அதனாலேயே புதிய இடத்தை விரைவில் கற்றன. மற்றவை பழைய இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தன. வெண்பாவில் கைபழகியவர் புதுக்கவிதை எழுதும்போதும் நாலாம் சீரில் தாமாகவே நின்றுவிடுவதைக் கண்டவர்க்கு இச்சுண்டெலிகளின் இடர்ப்பாடு புரியும்.

மறதியை இழிவாகவே பேசியவர் நன்னூலார். கேட்டதைச் சிந்தவிடும் இல்லிக்குடம் கடைமாணாக்கர்க்கு உவமை. ஆனால் அதே வரிசையில் நெய்யரியையும் வைத்தார்: நல்லதை ஒழுகவிட்டு மண்டியைப் பிடித்துக்கொள்வது. எல்லாவற்றையும் பிடித்துக்கொள்வதும் குறையே என்பதை அவர் அறிந்திருந்தார். பொச்சாவாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரும், பிறர் செய்த தீங்கைப் பொறுப்பதினும் மறப்பதை உயர்வாக வைத்தார். எதைச் சிந்துவது, எதைப் பிடிப்பது என்பதை அணு அறியாது. டொராண்டோ சுண்டெலிகள் மறந்தது அச்சத்தை. அச்சத்துக்குப் பதில் நல்ல பாடம் ஒன்று இருந்திருந்தால் அதையும் மறந்திருக்கும். நெடுநாள் பழகி ஹிப்போகாம்பஸைச் சார்ந்திராமல் மூளையின் புறணிக்கு வேரூன்றிய நினைவு இவ்வகை மறதிக்குப் பெரும்பாலும் தப்பிவிடுகிறது என்பது ராகிச்சுக்கு ஓரளவு விடையாகலாம். ஐந்து வயதில் கற்றுப் பலமுறை ஓதிய பாட்டு எழுபதிலும் இருப்பது அதனால்தான் போலும்.

இவையெல்லாம் எலிக்கும் பறவைக்கும் உரியவை. மனிதரிடம்?

1998-இல் ஸ்வீடன் நாட்டுப் பீட்டர் எரிக்சனும் அமெரிக்காவின் ஃபிரெட் கேஜும் பிறரும் முதற் சான்றைத் தந்தனர். புற்றுநோயாளர் ஐவருக்கு மருத்துவக் காரணத்துக்காக, பிளவுறும் அணுக்களில் தங்கும் ஓர் அடையாளப் பொருள் செலுத்தப்பட்டிருந்தது. அவர்கள் இறந்தபின் ஹிப்போகாம்பஸில் அவ்வடையாளம் தாங்கிய நரம்பணுக்கள் காணப்பட்டன. 2013-இல் ஸ்டாக்ஹோமின் கிர்ஸ்டி ஸ்பால்டிங், யோனாஸ் ஃபிரிசேன் ஆகியோர் வேறொரு வழியைக் கண்டனர். அணுகுண்டுச் சோதனைகளால் 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் காற்றில் கதிரியக்கக் கரி பெருகியது. 1963-இல் வான்வெளிச் சோதனைத் தடை ஒப்பந்தம் வந்தபின் அது ஆண்டுக்காண்டு குறைந்தது. உண்ணும் பயிர் வழியே அக்கரி ஒவ்வோர் அணுவின் டி.என்.ஏ.விலும் பிறந்த ஆண்டின் முத்திரையாகப் பதிந்தது. மனிதகுலத்தை அழிக்கச் செய்த வேலை நரம்பணுவின் வயதைக் கூறும் சாதகக் குறிப்பாயிற்று. அக்கணக்கின்படி ஒவ்வொரு ஹிப்போகாம்பஸிலும் நாளொன்றுக்கு 700 புதிய நரம்பணுக்கள் சேர்கின்றன.

வழக்கு முடிந்தது என்று எண்ணிய வேளையில், 2018-இல் நேர்மாறான ஆய்வு ஒன்று வந்தது. அதை நடத்தியவர்களுள் ஆர்துரோ அல்வாரெஸ் புய்யா ஒருவர்; நாட்டெபாமின் மாணவர், 2011-இல் ஆல்ட்மனோடு பரிசைப் பகிர்ந்துகொண்டவர். ஆகவே பழைமையைக் காக்கும் பிடிவாதம் என்று அதைத் தள்ள முடியவில்லை. மனிதக் குழந்தையிடம் ஏராளமாய் உள்ள இளம் நரம்பணுக்கள் விரைவில் குறைந்து, பதின்மூன்று வயதில் ஒருசிலவே எஞ்சுகின்றன. வளர்ந்தோரிடம் அவை காணப்படவில்லை என்றது அவ்வாய்வு. ஒரு மாத இடைவெளியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மௌரா போல்ட்ரினியும் பிறரும் எழுபத்தொன்பது வயதுவரை அவை உள்ளன என்று எழுதினர். 2019-இல் மாட்ரிட்டின் மரியா யோரென்ஸ் மார்ட்டீன் குழுவினர் எண்பத்தேழு வயதினரிடமும் கண்டனர். அல்சைமர் நோயுற்றோரிடம் அவை தொடக்கத்திலிருந்தே குறைவதையும் காட்டினர். முரண்பாட்டுக்கு ஒரு காரணத்தையும் சொன்னார்கள்: மூளைத் திசுவைப் பதப்படுத்தும் கரைசலில் நெடுநேரம் விட்டால் இளம் அணுவின் அடையாளப் புரதம் மங்கிவிடும். ஏட்டைப் பழுதாகப் பாதுகாத்துவிட்டு அதில் எழுத்தே இல்லை என்று சொல்வது போன்றது இது என்பது அவர்கள் வாதம். எதிர்த்தரப்பார் இதை முழுதும் ஏற்கவில்லை.

2025-இல் ஃபிரிசேனின் குழுவினர், குழந்தை முதல் எழுபத்தெட்டு வயதினர்வரை உள்ளோரின் ஹிப்போகாம்பஸ் அணுக்களின் உட்கருவை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவற்றில் இயங்கும் மரபணுக்களைப் படித்தனர். புதிய நரம்பணுக்களுக்குத் தாயாகும் பிளவுறும் அணுக்களை வளர்ந்தோரிடமும் கண்டனர். ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகப் பெரிது. சிலரிடம் அவை நிறைய இருந்தன. சிலரிடம் இல்லை என்றே சொல்லும்படி அருகியிருந்தன.

நினைவாற்றலைப் பெருக்கும் என்று விளம்பரம் செய்து விற்கப்படும் மாத்திரைகளுக்கும் இலேகியங்களுக்கும் இவ்வாய்வுகளில் எந்த ஆதாரமும் இல்லை என்பதை இந்த அவையில் சொல்லிவிடுவது நல்லது. புதிய அணுக்கள் பெருகினால் நினைவு பெருகும் என்பதே சரியான கணக்கன்று என்று சுண்டெலிகள் காட்டிவிட்டன. சிலரிடம் அவை மிகுவதும் சிலரிடம் அருகுவதும் பிறவியாலா, வாழ்முறையாலா, நோயாலா என்பதற்கு இன்னும் விடை இல்லை. இதுவரை மனிதரிடம் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் இறந்தோர் விட்டுச்சென்ற திசுவில் நடந்தவை. ஒரு பாட்டைக் கற்றுக்கொண்டிருக்கும் மனிதரின் மூளையில், அதே வேளையில், இளம் அணு ஒன்றைக் கண்டு பின்தொடரும் கருவி இன்னும் அமையவில்லை. கேனரியிடம் 1984-இல் கேட்ட அந்த மின்துடிப்பை மனிதரிடம் எவரும் இதுவரை கேட்டதில்லை.